வேலை நாயின் டிரைவ்: எவ்வளவு இருந்தால் அதிகம்?

செங்குத்துச் சுவரில் ஓடி ஏறுகிற நாய், கமாண்டோவின் மார்போடு கட்டப்பட்டு ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகிற நாய், ஓடுகிற ஆளின் கையைக் கவ்விக்கொண்டு காற்றில் சுழல்கிற நாய். இப்படி ஒரு வீடியோ உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அது பெரும்பாலும் பெல்ஜியன் மாலினாயாகத்தான் இருந்திருக்கும். ‘என்ன நாய்டா இது’ என்று வாய் பிளக்கிறோம், கொஞ்ச நேரத்தில் சிலருக்கு ‘குட்டி என்ன விலை இருக்கும்’ என்றும் தோன்றிவிடுகிறது. நடுவில் கேட்க வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது. அந்த நாய் தானாக அப்படி வந்துவிடவில்லை. எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று நூறு வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் யோசித்து யோசித்து உண்டாக்கிய குணம் அது. அப்படி உண்டாக்குவது நியாயமா, நியாயம் என்றால் எதுவரை? நாய் வளர்ப்பே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் டிரைவ் என்றால் என்ன. ஒரு நாய் ஒரு பொருளை எவ்வளவு வெறியோடு விரும்புகிறது, அதை அடைய எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறது, நடுவில் என்ன தடை வந்தால் சலித்துப்போய் விட்டுவிடுகிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் டிரைவ். சோதித்துப் பார்ப்பது சுலபம். இடுப்பளவு புல் வளர்ந்த இடத்தில் நாயைக் கழுத்துப்பட்டையில் பிடித்து நிறுத்திக்கொண்டு, அது பார்க்கப் பார்க்க ஒரு டென்னிஸ் பந்தைத் தூக்கி எறியுங்கள். உடனே விடாதீர்கள், நின்ற இடத்திலேயே அதை இரண்டு சுற்றுச் சுற்றவைத்துத் திசையைக் குழப்பிவிட்டு அப்புறம் விடுங்கள். வீட்டு நாய் போய் முகர்ந்து பார்க்கும், கிடைக்கவில்லை என்றால் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும், ‘நீயே வந்து எடுத்துக்கோ’ என்கிற மாதிரி. டிரைவ் அதிகமுள்ள நாய் உங்களைத் திரும்பியே பார்க்காது. குறுக்கும் நெடுக்குமாகத் தேடிக்கொண்டே இருக்கும், முள் குத்தினாலும், மூச்சிரைத்து நாக்கு தொங்கினாலும், பக்கத்தில் இன்னொரு நாய் வந்து நின்றாலும்.

வெடிகுண்டு மோப்பத்துக்கும், இடிபாடுகளில் ஆள் தேடுவதற்கும் நாயைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பந்துக்காகத் தேடுகிற அந்தத் தேடலை வெடிமருந்து வாசனையின் பக்கம் திருப்பிவிடுவது பயிற்சியாளரின் வேலை. நாய்க்கு ஆர்டிஎக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. அந்த வாசனையைக் காட்டிக்கொடுத்தால் பந்து கிடைக்கும், அதன் கணக்கு அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள். துறுதுறுவென்று ஓடிக்கொண்டே இருக்கிற நாய்க்கெல்லாம் டிரைவ் அதிகம் என்று அர்த்தமில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டால் களைத்துப் படுத்துவிடும் என்றால் அது வெறும் சுறுசுறுப்பு. அதேபோல டிரைவ் வேறு, மூர்க்கம் வேறு. கடி பயிற்சியில், எதிரே நிற்கிறவர் கையில் மாட்டியிருக்கிற தடித்த உறையை, அதாவது ஸ்லீவை, கவ்வித் தொங்குகிற நாய்க்குப் பெரும்பாலும் அந்த ஆள் மீது கோபம் இல்லை, அந்த ஸ்லீவ் அதற்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய இரை. பயந்துபோய்க் கடிக்கிற நாயை ‘செம டிரைவ்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்ற தைரியம்தான்.

டிரைவோடு கூடவே பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஒன்று, கிளம்பும் அளவு. எவ்வளவு சின்ன அசைவுக்கு நாய் பொங்கி எழுகிறது? பந்தைக் காட்டினால் எழுவது ஒரு ரகம், காற்றில் அசையும் துணிக்கும் எதிர்வீட்டுக் குழந்தையின் சைக்கிளுக்கும் எழுவது இன்னொரு ரகம். அடுத்தது நரம்பு உறுதி. வழுக்குகிற டைல்ஸ் தரை, இருட்டான மாடிப்படி, திடீரென்று கீழே விழுகிற தகரம், இதற்கெல்லாம் ஒரு கணம் திடுக்கிட்டுவிட்டு மறுகணமே வேலைக்குத் திரும்புகிறதா, இல்லை வாலைச் சுருட்டிக்கொள்கிறதா? கடைசியாக, அடங்குகிற திறன். வேலை முடிந்தது என்றால் படுத்துத் தூங்க அதற்குத் தெரிய வேண்டும். இது பயிற்சியால் மட்டும் வருவதில்லை, பிறப்பிலேயே நிறைய இருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்த விவாதத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. டிரைவ் அதிகமாக இருப்பதில் தப்பில்லை. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் தனியே பிடித்து ஏற்றிக்கொண்டே போவதில்தான் தப்பு.

இதை நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டு செய்து காட்டிய ஒருவர் உண்டு. ஆடம் டெல்ஃபர், இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்தில் ஆடு மேய்த்தவர். எல்லை மேய்ப்பு நாய், அதாவது பார்டர் கோலி, ஆட்டு மந்தையைக் குரைத்தோ கடித்தோ ஓட்டுவதில்லை, உற்றுப் பார்த்தே நகர்த்தும். அந்தப் பார்வையும் வேட்டைக் குணத்தின் ஒரு துண்டுதான், ஓநாய் இரையின் மீது பாய்வதற்கு முன்னால் பதுங்கிப் பார்க்கிறதே, அதே பார்வை. இது அளவுக்கு மீறிப் போனால் என்ன ஆகும் என்றால், நாய் ஆட்டைப் பார்த்தபடியே உறைந்துபோய்விடும். மேய்ப்பர் கத்துவார், நாய் நகராது, ஆடுகளும் நகராது. டெல்ஃபரிடம் மெக் என்று ஒரு பெட்டை இருந்தது, அதற்கு இந்தப் பார்வை ரொம்ப அதிகம், கூச்ச சுபாவமும் சேர்த்து. ராய் என்று ஒரு கடுவன், சாதுவான, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிற நாய், வேலையில் சுமார். அவர் மெக்கை அதைவிட உக்கிரமான கடுவனோடு சேர்க்கவில்லை, ராயோடு சேர்த்தார். 1893-ல் பிறந்த குட்டிதான் ஓல்ட் ஹெம்ப். 1901-ல் அது செத்துப்போவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பனாகிவிட்டது. இன்றைக்கு உலகத்தில் இருக்கிற பார்டர் கோலிகளின் வம்சாவளியைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் இந்த நாயிடம்தான் போய் நிற்கும். ஒரே கடுவனை இப்படி ஊர் முழுக்கப் பயன்படுத்துவதில் வேறு ஆபத்து உண்டு, அதுக்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அந்த ஜோடி சேர்த்தலில் இருந்த புத்தி, இரண்டு உக்கிரங்களைச் சேர்த்தால் இரட்டை உக்கிரம்தான் வரும், நல்ல நாய் வராது என்கிற புத்தி, நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்கிற இன்றைய பல கென்னல்களில் இல்லை.

மாலினாய் கதைக்கு வருவோம். 1891-ல் பெல்ஜியத்தில் அடோல்ஃப் ரூல் என்கிற கால்நடை மருத்துவப் பேராசிரியர் நாட்டின் மேய்ப்பு நாய்களையெல்லாம் ஒரே இடத்துக்கு வரவழைத்துப் பார்த்தார். எல்லாம் ஏறக்குறைய ஒரே உடலமைப்பு, முடியும் நிறமும்தான் வேறு. அதிலிருந்து நான்கு வகைகளைப் பிரித்தார்கள், மெக்கெலன் ஊர்ப்பக்கத்துக் குட்டை முடி நாய்க்கு அந்த ஊரின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து மாலினாய் என்று பெயர் வந்தது. 1899-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரப் போலீஸ் இரவு ரோந்துக்கு நாய்களைச் சேர்த்தது, முறையாக நடந்த முதல் போலீஸ் நாய்த் திட்டங்களில் அது ஒன்று. அதே வருஷம் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சங்கம் ஆரம்பித்தார். 1907-ல் நெதர்லாந்தில் போலீஸ் நாய்ச் சங்கம் ஒன்று தொடங்கியது, கேஎன்பிவி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் தேர்வில் நாய் தண்ணீரில் நீந்திப்போய்ப் பொருள் எடுத்துவர வேண்டும், தூரத்தில் ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும், குச்சியால் அடி விழுந்தாலும் பிடியை விடக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள்தான் சாயங்காலத்தில் கிளப் மைதானத்துக்கு வந்து இந்த நாய்களைத் தயார் செய்கிறார்கள், சான்றிதழ் வாங்கிய நாய் உலகம் முழுக்கப் போலீசுக்கும் ராணுவத்துக்கும் விலை போகிறது. அங்கே வம்சாவளிப் பேப்பரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. மாலினாயோடு டச் ஷெப்பர்டையோ வேறு எதையோ கலந்திருந்தாலும், தேர்வில் ஜெயித்தால் சரி.

போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது, அழகுக்காக மட்டும் வளர்க்கிற நாய்க்கு வரும் கதி இதற்கு வராது. முதுகு சரிந்த கண்காட்சி ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் போட்டியில் நடுவர் எதற்கு மார்க் போடுகிறாரோ அதுதான் வளரும். எவ்வளவு வேகமாகப் போய் எவ்வளவு ஆழமாகக் கவ்வுகிறது என்பதற்கு மார்க் உண்டு. ராத்திரி கென்னலில் தூங்கினதா என்பதற்கு எந்த நடுவரும் மார்க் போடுவதில்லை.

அப்புறம் ஒரு கணக்கு விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரே ஈத்துக் குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. தாய் தகப்பனின் குணத்தைச் சுற்றி மேலும் கீழுமாகச் சிதறித்தான் பிறக்கும். சராசரியைக் கொஞ்சம் மேலே தள்ளினால், சராசரிக் குட்டி கொஞ்சம்தான் மாறும். ஆனால் உச்சியில் இருக்கிற, யாராலும் சமாளிக்க முடியாத குட்டிகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று கூடும். போட்டிக்காரருக்கு அந்த உச்சிக் குட்டி ஒன்று போதும். உச்சியைத் தாண்டிப்போன குட்டியும் எட்டாத குட்டியும் அவர் கணக்கில் வராது, ஆனால் அவையும் பிறந்துதானே இருக்கின்றன.

உடம்பு என்ன பாடுபடுகிறது

சாதாரண நாய்க்கு உடம்பு சொல்கிற பேச்சு காதில் விழும். வெயில் ஏறினால் நிழலுக்குப் போகும், கால் வலித்தால் உட்காரும். டிரைவ் உச்சத்தில் இருக்கிற நாய்க்கு அந்தப் பேச்சு கேட்பதில்லை, கேட்காத நாயைத்தான் நாம் தேர்ந்தெடுத்தோம். பத்து நிமிஷத் தீவிர ஓட்டத்தில் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகலாம், அப்போதும் அது பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்கப் போலீஸ் நாய்கள் பணியில் சாவதற்கான முக்கியக் காரணங்களில் வெப்பத் தாக்கு ஒன்று. பிலடெல்ஃபியாவில் உள்ள பென் வெட், அதாவது பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியின், வேலை நாய் மையத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஓடி முடித்ததும் நாயைத் தானாகவே ஒரு வாளித் தண்ணீரில் தலையை முக்கி எடுக்கப் பழக்குவது. வாளிக்குள் பொம்மையையோ தீனியையோ போட்டுப் போட்டுத்தான் பழக்குகிறார்கள். மற்ற முறைகளைவிட இதில் வெப்பம் சீக்கிரம் இறங்குகிறது என்று 2024-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். நல்ல யோசனைதான். நாய்க்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டிய ‘போதும்’ என்பதை நாம் எடுத்துவிட்டு, அப்புறம் வாளி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

டைட்டானியம் பல் வைத்த கமாண்டோ நாய் என்று படம் வரும், ஏதோ கூடுதல் ஆயுதம் பொருத்திய மாதிரி. உண்மையில் அது உடைந்த கோரைப்பல்லுக்குப் போட்ட கேப், மனிதர்களுக்குப் பல் டாக்டர் போடுவதைப் போலத்தான். பல் கடித்த இடத்தில் மட்டும் உடைவதில்லை. கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்து, மெலிந்து, ஒருநாள் முறிகிறது. கால்நடைப் பல் மருத்துவர் அந்தத் தேய்மானத்தைப் பார்த்ததுமே இது கூண்டு கடிக்கிற நாய் என்று சொல்லிவிடுவார்.

கூண்டில் நடக்கிற இன்னொன்று சுற்றல். ஒரே பக்கமாக, ஒரே வட்டத்தில், மணிக்கணக்காக. சில நாய்கள் வால் நுனியைச் சுவரில் அடித்து அடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், புண் ஆறவே ஆறாமல் கடைசியில் வாலை வெட்டவேண்டி வரும். தெரியாதவர்கள் ‘என்ன எனர்ஜி பாருங்க’ என்பார்கள். அது எனர்ஜி இல்லை, போக வழியில்லாத டிரைவ் உள்ளேயே சுழல்கிறது.

மரபணு பக்கமும் சும்மா இல்லை. 2013-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் மாலினாய்களில், டோபமைன் என்கிற மூளை ரசாயனத்தைக் கடத்துகிற மரபணுவின் ஒரு வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். சில வடிவங்கள் இருக்கும் நாய்களில் திடீரென்று கண் வெறித்துப் போவது, சுற்றி நடப்பதற்கு எதிர்வினையே இல்லாமல் போவது, திடீர் ஆக்ரோஷம், வலிப்பு போன்றவற்றை உரிமையாளர்கள் அதிகம் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இது தொடர்பு மட்டும்தான், இதுதான் காரணம் என்று நிரூபித்துவிடவில்லை. லாப்ரடாரில் நடந்தது இன்னும் தெளிவானது. வேட்டைப் போட்டி வம்சத்து லாப்ரடார்கள் சில, உற்சாகம் தலைக்கேறி ஓடும்போது பின்னங்கால் துவண்டு அப்படியே சரியும், சிலது செத்தும் போகும். 2008-ல் டிஎன்எம்1 என்ற மரபணுவில் அதற்கான பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டம் மட்டும் இருந்தால் பல நாய்கள் தாக்குப்பிடிக்கும், கூடவே பரபரப்பும் சேர்ந்தால்தான் விழும். எந்த வெறிக்காக அந்த நாயைப் பாராட்டி இணை சேர்த்தார்களோ அதுவே அதைச் சாய்க்கிறது. இப்போது ரத்தச் சோதனையிலோ வாயில் பஞ்சு தடவியோ கண்டுபிடித்துவிடலாம், எனவே சோதிக்காமல் இணை சேர்ப்பதற்கு இனி எந்தச் சாக்கும் இல்லை.

ஒரே கடுவனை எல்லோரும் பயன்படுத்துவதில் ஆபத்து என்றேனே, அது இதுதான். எந்த நாயிடமும் ஒளிந்திருக்கிற கெட்ட மரபணுக்கள் சில இருக்கும், ஜோடி சேராதவரை வெளியே தெரியாது. பேரனும் பேத்தியும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்திருந்தால் ஜோடி சேர்கிற வாய்ப்பு கூடிவிடும். மாலினாய்க் குட்டிகளில் சிறுமூளையைப் பாதித்துச் சில வார வயதிலேயே நடையைத் தள்ளாட வைக்கிற நோய் ஒன்று இப்படித்தான் வெளிப்படுகிறது. தாயும் தகப்பனும் அந்த மரபணுவைச் சுமப்பவை என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 2017-க்குள் தெரிந்துவிட்டன, சோதனையும் இருக்கிறது.

நாய்க்குப் பிடித்துத்தானே செய்கிறது?

இந்த வாதத்தைக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. ‘அதன் முகத்தைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷம்! வேலை செய்யாமல் வைத்திருப்பதுதான் கொடுமை.’ பாதி உண்மை. நல்ல வேலை நாய் காலையில் வேனைப் பார்த்ததும் துள்ளுகிற துள்ளல் பொய் இல்லை, அதை ஒரு சோபாவில் கட்டிப்போடுவது கொடுமைதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற நரம்பியல் ஆய்வாளர் பல வருஷமாகச் சொல்லிவருவது இங்கே உதவும். ஒன்றை வேண்டும் என்று துடிப்பதும் அது கிடைத்ததும் இனிப்பதும் மூளையில் வேறு வேறு. டோபமைன் முக்கியமாகத் துடிப்பின் பக்கம் நிற்கிறது. துடிப்பு ஏறிக்கொண்டே போய் இனிப்பு அப்படியே நிற்கலாம், குறையவும் செய்யலாம், போதைக்கு அடிமையானவர்களிடம் நடப்பது அதுதான். அவர் ஆய்ந்தது பெரும்பாலும் எலிகளை வைத்து. ஆனாலும் பந்தை வாயில் கவ்விய அடுத்த நொடியே, கவ்விய சுகம் முகத்தில் கொஞ்சமும் தெரியாமல், ‘இன்னொரு தடவை எறி’ என்று முனகி நடுங்குகிற நாயைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். நாய் ஒன்றை வெறியோடு கேட்கிறது என்பதால் அது சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தமாகாது. அது வாழ்க்கையில் அமைதியாக இருக்கிற நேரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தேவையை உண்டாக்கியதே நாம். உண்டாக்கிவிட்டு, ‘பாருங்க, தேவையை நிறைவேற்றுகிறோம்’ என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது.

மிச்சமுள்ள குட்டிகள்

ஒரு ஈத்தில் எட்டுக் குட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றோ இரண்டோ கமாண்டோ படைக்கோ பெரிய போட்டிக்காரருக்கோ போகும், அதன் படம் கென்னலின் விளம்பரத்தில் வரும். மற்ற ஆறு? வேலை நாய்த் துறையில், நன்றாகத் திட்டமிட்டு வளர்க்கும் இடங்களிலேயே ஏறக்குறைய பாதி நாய்கள் தேறாமல் போவது சகஜம். தேறாமல் போனதற்கான காரணம் டிரைவ் குறைவு என்றால் பிரச்சினை இல்லை, நல்ல வீட்டு நாயாகிவிடும். டிரைவ் எல்லாம் முழுசாக இருந்து நரம்பு உறுதி மட்டும் இல்லாத குட்டி இருக்கிறதே, அதுதான் பரிதாபம். படைக்கு அது வேண்டாம், வழுக்குத் தரையில் நடுங்குகிறது. வீட்டுக்கும் ஆகாது, குழந்தை ஓடினால் துரத்திக் கவ்வுகிறது. அமெரிக்காவில் மாலினாய்களை மட்டுமே மீட்டு மறுவாழ்வு கொடுக்கத் தனியாக அமைப்புகள் நடத்துகிற நிலைமை வந்திருக்கிறது. 2011-ல் பின்லேடன் வேட்டையில் கெய்ரோ என்ற மாலினாய் போனது, 2019-ல் ஐஎஸ் தலைவர் பக்தாதி வேட்டையில் கோனன் போனது, ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கூடுகிறார்கள், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்.

எனவே ஒரு பிரீடர், அதாவது இணை சேர்த்துக் குட்டி விற்கிறவர், யோக்கியமானவரா என்று பார்க்க நான் அவருடைய சாம்பியன் நாயைப் பார்க்க மாட்டேன். தேறாத குட்டிகள் எங்கே என்று கேட்பேன். அமெரிக்க ராணுவம் டெக்சாஸ் மாநிலத்தில் லாக்லாண்ட் விமானப்படைத் தளத்தில் சொந்தமாக மாலினாய் வளர்க்கிறது. அங்கே பிறந்த குட்டியின் பெயரில் முதல் எழுத்தை இரட்டித்து எழுதுவார்கள், பார்த்ததும் தெரியட்டும் என்று. குட்டிகள் முதல் சில மாதங்கள் சான் ஆன்டோனியோ பக்கத்துக் குடும்பங்களில் வளரும், வேக்கூம் கிளீனர் சத்தம், குழந்தைகள், மாடிப்படி எல்லாம் பார்த்து. தேறாதவை வேறு துறைகளுக்கோ வீடுகளுக்கோ தத்துப்போகும். இதே ராணுவம் 2000 வரை ஓய்வுபெற்ற நாய்களைத் தத்துக்கொடுக்காமல் பெரும்பாலும் ஊசி போட்டுக் கொன்றுகொண்டிருந்தது, ராபி என்ற நாயின் பெயரால் வந்த சட்டம்தான் அதை மாற்றியது. பெரிய அமைப்பே மாற அவ்வளவு நாள் ஆனது, கொல்லைப்புறத்தில் கென்னல் நடத்துகிறவரிடம் கேள்வி கேட்க யாருமே இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், ஜெர்மனியைச் சொல்லலாம். அங்கே விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11பி பிரிவு, சந்ததிக்கு வேதனை தரும் இனப்பெருக்கத்தைத் தடை செய்கிறது. மூச்சுவிட முடியாத பக் நாய்க்கான சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பரம்பரையாக வருகிற, வேதனையோடு கூடிய நடத்தைக் கோளாறுகளும் அதே பிரிவில் இருக்கின்றன. வாலைத் துரத்திச் சுற்றுகிற வம்சத்தை இதில் சேர்க்கலாமா என்பது நியாயமான கேள்வி. இன்னொரு விதி 2022 ஜனவரி 1 முதல் வந்தது, நாய்ப் பயிற்சியில் முள் பட்டையோ வலி உண்டாக்குகிற வேறு சாதனமோ கூடாது என்று. உடனே போலீஸ் தரப்பிலிருந்தே முனகல் கிளம்பியது, வலி இல்லாமல் இந்த நாய்களைக் கடித்த கையை விடவைப்பது எப்படி என்று. இந்த முனகலை நான் வேறு மாதிரிதான் படிப்பேன். வலி கொடுத்தால் மட்டுமே விடுகிற நாயை எதற்காகப் பிறக்க வைக்கிறோம்? பயிற்சியாளர் கையிலிருக்கும் ஷாக் காலரை மட்டும் திட்டிப் பயனில்லை, அந்தக் காலருக்கான தேவை பாதி இணை சேர்க்கும் கூண்டிலேயே முடிவாகிவிடுகிறது.

அதற்காக இந்த நாய்களே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். 2022 ஜூலையில் காஷ்மீரின் பாரமுல்லாவில் ஆக்செல் என்ற ராணுவ மாலினாய் தீவிரவாதி பதுங்கியிருந்த வீட்டுக்குள் சிப்பாய்களுக்கு முன்னால் போய் குண்டடி பட்டுச் செத்தது. அது போகாமல் இருந்தால் ஒரு சிப்பாய் போயிருப்பார். மத்திய ரிசர்வ் போலீஸ், இந்திய-திபெத் எல்லைப் போலீஸ், தேசியப் பாதுகாப்புப் படை எல்லாம் மாலினாய் வைத்திருப்பது காரணத்தோடுதான். ஆனால் எத்தனை வேலைகளுக்கு இந்த உச்ச ரகம் நிஜமாகவே தேவை? விமான நிலையத்தில் பெட்டி முகர நல்ல லாப்ரடாரோ ஸ்பேனியலோ போதும், நாள் முழுக்க நிதானமாக வேலை செய்யும், சாயங்காலம் படுத்துத் தூங்கும். தேவைக்கு மேலே உக்கிரமான நாயை வைப்பதில் ஓரளவு கையாள்கிறவரின் கெத்தும் கலந்திருக்கிறது, துறைக்குள் இருப்பவர்களே இதைச் சொல்வார்கள்.

நம் ஊரில் இந்தப் பிரச்சினை புதிதும் அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த நாய்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று அந்த வேலை கூடாது, ஓடுகிறதைக் கண்டால் பாய்கிற குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. கிராமத்தில் காட்டு வெளியில் அது ஓடித் தீர்த்துக்கொள்ளும். அடுக்குமாடி மூன்றாவது மாடியில் வளர்த்தால் வாசல் திறந்த கணத்தில் பூனை பின்னால் போய்விடும். ஆனாலும் இவை பொதுவாக வீட்டுக்குள் அடங்கிப் படுக்கத் தெரிந்த நாய்கள், அதனால் தப்பித்துக்கொள்கின்றன. சென்னையிலோ கோவையிலோ மே மாத வெயிலில் மொட்டை மாடிக் கூண்டில் நிற்கிற மாலினாய்க்கு அந்த வசதியும் இல்லை.

குட்டி வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் பிரீடரிடம் போகும்போது கேட்க வேண்டியவை இருக்கின்றன. தாயையும், முடிந்தால் தகப்பனையும் நேரில் காட்டச் சொல்லுங்கள், மைதானத்தில் இல்லை, வேலையில்லாத நேரத்தில். உங்களோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டை ஒரு மூலையில் படுக்கிறதா, இல்லை கம்பியைக் கடித்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருக்கிறதா? மரபணுச் சோதனைத் தாளையும் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். போன ஈத்துக் குட்டிகள் ஒவ்வொன்றும் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள், பெயர் சொல்லத் தடுமாறினால் கிளம்பிவிடலாம். ஒரு வருஷம் கழித்து உங்களால் முடியவில்லை என்றால் நாயைத் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் முன்பே அவர் உங்களிடம், ‘தினமும் எத்தனை மணி நேரம் இதோடு இருப்பீங்க, என்ன வேலை கொடுப்பீங்க, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கா’ என்று கேட்டுத் துளைத்து, பதில் திருப்தியில்லாமல் ‘உங்களுக்கு இந்தக் குட்டி வேண்டாம் சார், அந்த அமைதியான குட்டியை எடுத்துக்கோங்க’ என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஈத்தின் எட்டுக் குட்டிகளைப் பற்றியும் யோசித்திருக்கிற ஆள் அவர்.